சாம்பிராணி வாசமடிக்கும் ஏசி

இந்தத் தாள்கள் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து ஒருவரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அத்தையிடம் காட்டவே காட்டாதீர்கள். மடித்து, இந்த ஷெட்டில் ஸ்டெபிலைசருக்குப் பின்னால் இருக்கும் சந்தில் செருகிவிடுங்கள். இது நான் என் அம்மாவுக்கு எழுதுவது. அம்மா இறந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அம்மா,

இப்போதுதான் ஏசியைப் போட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போனதற்குப் பிறகு யாரும் இதைத் தொடவில்லை. தூசிதான் அடிக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். முதல் காற்றிலேயே சாம்பிராணி வாசம் வந்தது. அப்படியே உன் மேஜை ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

நான் வந்தது இதைப் போடுவதற்கு இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடியோ கேசட் கடை வைத்திருப்பவர் நாளைக் காலையில் ஏசியை எடுத்துப் போக வருகிறார். “ஓட வுட்டுப் பாத்துட்டுத்தான் கயட்டுவேன்” என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவிட்டால் ஓடாது, ஓடாததை அவர் வாங்க மாட்டார் என்று நினைத்து வந்தேன். பிடுங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். அத்தை உள்ளே தூங்குகிறாள். அப்பா செகண்ட் ஷிப்ட்.

ஏசி போனால் ஷெட்டை மூடிவிடுவார்கள். ஷெட்டை மூடினால் என்னைக் கல்லாவிக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதாக அத்தை முடிவு செய்துவிட்டாள். “வயசுப் பொண்ண ராத்திரி பத்து மணி வரிக்கும் தனியா வுட்டுட்டு நீ ஷிப்டு பாப்பியாடா?” என்று அப்பாவைத் தினமும் கேட்கிறாள். நீ இருந்தபோது நான் எப்போது தனியாக இருந்தேன்? பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஷெட்டில் நீ, சரசக்கா, மேரியக்கா, யசோதம்மா. நீங்கள் நான்கு பேரும் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருப்பீர்கள். நான் மூலையில் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

நீ வாட்ச் கம்பெனியை விட்டு நின்றபோது, கம்பெனியே வேலையை வீட்டுக்குக் கொடுக்கும் என்று சொன்னாய். ஒரே நிபந்தனை, தூசியும் வியர்வையும் இல்லாத அறை வேண்டும். விரல் ஈரம் பட்டால் அந்தச் சின்னச் சின்னச் சக்கரங்கள் துருப்பிடிக்கும். ஃபேன் போட்டால் திருகாணி பறந்துவிடும். நம் வீட்டில் சும்மா கிடந்த ஒரே இடம் இந்தக் கார் ஷெட். கார்தான் இல்லை. அப்பா என்றைக்காவது ஒரு கார் வாங்குவார் என்று, வீடு கட்டும்போதே கட்டி வைத்த ஷெட்.

“எங்காருக்கு எடமில்லாம பண்ணிட்டியே” என்றார் அப்பா.

“உங்க காரு வந்து வாசல்ல ஆரன் அடிக்கட்டும். நான் எழுந்து வழி வுடறேன்” என்றாய் நீ.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவரே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருப்பவர் ஆயிற்றே. மீட்டர் பெட்டியிலிருந்து ஏசிக்கென்று தனியாகத் தடித்த வயர் இழுத்து, இரும்புப் பெட்டிச் சுவிட்சும் ஃப்யூஸும் வைத்தார். பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து ஷட்டரின் இடுக்கெல்லாம் அடைத்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டினோம். பசைக்கு மாவு கிண்டிக் கிண்டி உன் கை வெந்துபோனது. எதிர்வீட்டு ராஜம்மா வேலியில் கையை வைத்துக்கொண்டு, “ஊட்ல மனுசங்களுக்கு ஓட்ட ஃபேனு, வராத காருக்கு ஏசியா?” என்று கேட்டாள். “காருக்கு வேர்க்குதாம் ராஜம்மா” என்றாய். அவள் அந்தப் பேச்சைத் தெரு முழுக்கக் கொண்டுபோனாள்.

பெங்களூரில் ஏதோ ஆபீஸில் கழற்றிய பழைய ஏசியைப் பேருந்தின் மேலே போட்டுக் கொண்டுவந்தவர் மஞ்சண்ணா. பாதிக் கன்னடம், பாதித் தமிழ். சுவரில் ஓட்டை போடும்போது, “வெளிய பக்கம் கொஞ்சம் கீள, உள்ள பக்கம் கொஞ்சம் மேல. இல்லாந்தா தண்ணி எல்லா உங்க வாட்சுமேலேயே பீளுத்தே” என்றார். உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் இரண்டு செப்புக் குழாய். காற்றைக் கொண்டுபோகக் கூரையில் பெரிய தகரக்குழாய் எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னபோது அப்பா நம்பவில்லை. “அப்ப காத்து எது வழியா வரும்?” என்று மூன்று தடவை கேட்டார்.

எர்த்துக்காக அப்பா ஷெட் ஓரத்தில் ஆள் மூழ்கும் அளவுக்குக் குழி தோண்டினார். கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினோம். நான் கொட்டியது உப்பு, நீ கொட்டியது கரி. குழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்தால் ஷாக் அடிக்கும் என்று அப்பா சொன்னதும் நீதான் யோசனை சொன்னாய். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்க் குழாயை அந்தக் குழிக்கே திருப்பிவிடச் சொன்னாய். மஞ்சண்ணா இடுப்பில் கை வைத்துக்கொண்டு குழாயையும் குழியையும் பார்த்துவிட்டு, “இது நானு எல்லியும் நோடில்ல, எங்கியும் பாக்கல” என்று சிரித்தார். அன்றைக்குத்தான் அப்பா உன்னை முதல்முறையாக “மேஸ்திரி” என்று கூப்பிட்டார்.

அப்புறம் அந்தப் பூசை. எந்த மிஷின் வந்தாலும் பூசை போடாமல் நாம் ஓட்டியதில்லை. அப்பாவின் மொபெட்டுக்குப் போட்டோம், மாவரைக்கும் கிரைண்டருக்குப் போட்டோம். ஏசிக்கு மட்டும் விடுவோமா? பெட்டிக்கு மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். பிளேட்டில் நெருப்பு அள்ளிப் போட்டு ஒரு கை நிறையச் சாம்பிராணி. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குளிர் வெளியே போகக் கூடாது என்று மஞ்சண்ணா சொல்லியிருந்தார் என்பதற்காக ஷட்டரை இறக்கிவிட்டு நாம் அத்தனை பேரும் உள்ளே நின்றோம்.

புகை போகவே இல்லை. ஏசி அதை இழுத்து இழுத்து நம் முகத்திலேயே ஊதியது. மேரியக்கா இருமினாள். யசோதம்மா “தேவுடா, தேவுடா” என்று சுவரைத் தடவினாள். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த மஞ்சண்ணா ஓடிவந்து தூக்கிவிட்டார். “ஐயோ அம்மா, இது உள்ள காத்தையே சுத்திச் சுத்திக் குடுக்கும். வெளிய தள்ளாது!”

எல்லோரும் கண் சிவந்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். நீ சிரிக்க ஆரம்பித்தாய். தரையில் கையை அடித்து அடித்துச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த வாசம் ஏசிக்குள்ளேயே தங்கிவிட்டது. வலையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினோம். அப்போதும் போகவில்லை. முதல் ட்ரேயைப் பார்க்க வந்த கம்பெனிக்காரர் மோந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, கோயில்ல உக்காந்து கோத்தீங்களா?” என்றார். அந்த ட்ரேயில் ஒரு வாட்ச்கூடப் பழுது என்று திரும்பி வரவில்லை.

கரண்ட் போய் வந்தால் நான் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தொடுவேன். நீ கையைத் தட்டிவிடுவாய். “ஒடனே போடாதடி. அதுக்கும் மூச்சு வாங்க வேணாமா?” என்று, அது மூச்சு வாங்கும் நேரத்துக்குப் பதினாறாம் வாய்ப்பாடும் பதினேழாம் வாய்ப்பாடும் சொல்ல வைப்பாய். சரசக்காவும் கூடவே சொல்வாள். அவள் எப்போதும் பதினேழு எட்டில் தப்பு விடுவாள்.

இந்தக் குளிர்தான் உன்னைக் கொன்றது என்கிறாள் அத்தை. ஆணியில் தொங்கும் உன் பழுப்பு ஸ்வெட்டரைக் காட்டி, “பங்குனி வெயில்ல கம்பளி போட்டுக்கினு குந்தினவ உருப்படுவாளா? அந்தப் பொட்டிதான் அவள முழுங்கிடுச்சு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். டாக்டர் கிட்னி என்றுதான் சொன்னார். நானும் அங்கே நின்றிருந்தேன். அப்பாவும் நின்றிருந்தார். ஆனால் அத்தை சொல்லும்போது அவர் தரையைப் பார்க்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை தூக்கியதை நினைத்துக்கொள்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று சரசக்கா வேலிக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டாள். “உங்கப்பா சரின்னா ஷெட்ட நாங்க மூணு பேரும் ஓட்டிக்கிறோம் பாப்பா. கம்பெனியில கேட்டுட்டேன். அவரு வர்ற வரிக்கும் உன்னையும் பாத்துக்கறோம். நீ ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்” என்றாள். ஒரு வார்த்தை. அப்பா காலையில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே போய் நிற்கிறேன். பயத்துக்கு மனதுக்குள் பதினாறாம் வாய்ப்பாடும் பதினேழாம் வாய்ப்பாடும் சொல்லிக்கொள்கிறேன். நான் முடிப்பதற்குள் அவர் கை கழுவிவிடுகிறார்.

நீ போன பிறகு ஏசி ஓடாததால் எர்த்துக் குழி காய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். ஓடாத ஏசிக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. அத்தை ஒருநாள் பார்த்துவிட்டு, “கரிக்குழியில எதுக்குடி தண்ணி ஊத்தற?” என்று என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். ஊற்றினால் மண் உறிஞ்சும் சத்தம் கேட்கும். அது நின்ற பிறகுதான் எனக்குப் பள்ளிக்கூடம் போக முடிகிறது.

உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கை நீளம். ஃப்யூஸ் கட்டை பெட்டியிலேயே இருக்கிறது. இதைப் பிடுங்கினால் இந்த வாசமும் நின்றுவிடும், அதனால் கை போகவில்லை. ஒளித்து வைத்தால் ஒருநாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நாளைக்கு அப்பா கை கழுவுவதற்குள் சொல்லிவிட வேண்டும். பதினாறை விட்டுவிட்டு நேராகப் பதினேழில்

அம்மா, மொபெட் சத்தம். வெளியே இருக்கும் பெட்டி ஓடுவது சந்து முழுக்கக் கேட்குமே, அதை நான் மறந்தே போனேன். விளக்கை அணைக்கவா? அணைத்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஷட்டரைத் தட்டுகிறார். சாவியால், இரண்டு தட்டு. நீ ராத்திரியில் ட்ரே முடித்துக்கொண்டிருந்தால் ஷிப்ட் முடிந்து வந்து தட்டுவாரே, அதே மாதிரி. நீ போன பிறகு அவர் இப்படித் தட்டியதே இல்லை.

மெதுவாக, “மேஸ்திரி?” என்கிறார்