உன் நைனாவை வரவழைத்த சொல்

இன்று சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கினேன். டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்றிருக்கிறார். கேட்க ஆளில்லாத வீட்டில் யாருக்குப் பயந்து வாயைக் கட்டுவது? கடைக்காரர் மடித்துக் கொடுத்தது ஒரு இங்கிலீஷ் பேப்பர். எண்ணெய் ஊறிய இடத்தில் மணமகன் தேடும் விளம்பரம், அதில் தேடுகிறோம் என்பதற்கு ‘சீக்’ என்ற சொல். பஜ்ஜி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ போய்விட்டாய் என்று உன் மகள் போன் செய்தபோதுகூட வராத அழுகை, அங்கே வந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் இருவரும் தோற்று, மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்குள் உன்னை விடமாட்டார்கள். உங்கள் சேரிக்கு நான் வந்தால் என் பெரியப்பா தோலை உரித்துவிடுவார். ஏரிக்கரையில் மட்டும் நம்மை யாரும் கேட்பதில்லை, அங்கேதான் படித்தோம்.

அந்தப் பெரியப்பாதான், கூலி நெல்லைக் கேட்ட உன் நைனாவைக் களத்தில் எல்லார் எதிரிலும் செருப்பால் அடித்தார். அன்றே உன் நைனா ஊரைவிட்டுப் போனார். மெட்ராஸில் ஏதோ பங்களாவில் தோட்ட வேலை செய்கிறார் என்று மட்டும் பக்கத்துப் பெருநகர் கிராமத்துக்காரர் ஒருவர் சொன்னார். எந்தப் பங்களா என்று அவருக்கும் தெரியவில்லை. உன் அம்மா உலையில் உன் நைனாவுக்கும் சேர்த்தே அரிசி போட்டுக்கொண்டிருந்தார்.

“இங்கிலீஷ் பேப்பர்ல வெளம்பரம் போடலாம்பா” என்றாய்.

“உங்க நைனாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாதேடா.”

“அவருக்குத் தெரியாட்டி இன்னா? பங்களாக்காரருக்குத் தெரியுமில்ல?”

தேடுகிறான் என்பதற்கு நான் முதலில் ‘சர்ச்’ என்று எழுதினேன். நீ அடித்துவிட்டாய். “அது போலீஸ் பண்றது. வாரண்ட்ட வெச்சிக்கினு வூட்ட கொடையறது. எங்க நைனா காதுல வுழுந்தா இன்னும் தூரமா ஓடிப்பூடுவாரு.” ‘லுக் ஃபார்’ என்றேன். அது காணாமல் போன ஆட்டுக்கு என்றாய். நூலகத்து அகராதியில்தான் ‘சீக்’ கிடைத்தது. உதவியை, அனுமதியை, அடைக்கலத்தை நாடும் இடங்களில் எல்லாம் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார்கள். ஆளைத் தேடவும் வரும். கோட்டு மாட்டிய சொல்லாக எனக்குப் பட்டது. உனக்கோ பிடித்துப் போயிற்று. “கேக்கறாப்பல கீதுபா. புடிக்கறாப்பல இல்ல” என்றாய்.

மகன் தந்தையை நாடுகிறான் என்று ஒரே வரி. கீழே அவர் பெயர், உன் பெயர், ஊர்.

பேப்பரில் வந்த பிறகு உன் தொல்லை தாங்கவில்லை. “தீப்பெட்டிய சீக் பண்ணிக்கினு கீறேன்,” “செருப்ப சீக் பண்ணிக்கினு கீறேன்” என்று அந்தச் சொல்லைப் பாடாய்ப் படுத்தினாய். நானும் சிரித்தேன். திருப்புலிவனம் பக்கமிருந்து மெட்ராஸ் பஸ் சத்தம் கேட்டால் மட்டும் உன் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

வந்தபோது உன் நைனா பஸ் ஸ்டாண்டில் இறங்கவில்லை. ஊர் பார்க்க வேண்டாம் என்று திருப்புலிவனத்திலேயே இறங்கி நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் கரைமேல் ஏறும்வரை நமக்கு அடையாளம் தெரியவில்லை.

“பங்களா வக்கீலய்யா பேப்பர படிச்சிக் காட்னாரு. போலீசு தேடுதான்னு கேட்டேன். இல்லடா, உன் புள்ள நீ வேணும்னு கேக்கறான்னாரு.”

நீ அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து குழந்தை மாதிரி அழுதாய்.

அவர் தங்க வரவில்லை, உங்களை அழைத்துப் போக வந்தார். பங்களாவின் பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். விடிவதற்குள் உங்கள் குடிசை காலி. இந்த ஊர் மண்ணை இனி மிதிப்பதில்லை என்று அவர் சொன்ன வார்த்தையை நீயும் கடைசிவரை காப்பாற்றினாய். ஆரம்பத்தில் நான்தான் மெட்ராஸ் வந்து பார்த்தேன். பிறகு எனக்கு நிலம், உனக்கு வேலை. பார்ப்பது குறைந்தது. உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். உனக்கு அப்பா கிடைத்தார், எனக்கு இருந்த ஒரே நண்பன் போனான்.

போன் செய்த உன் மகளிடம், உன் நைனா வந்த அந்த நாளைச் சொல்லப் பார்த்தேன். “அப்பா அழுதா? நான் பார்த்ததே இல்லையே” என்றாள். உன் நைனா இல்லை, அம்மா இல்லை, இப்போது நீயும் இல்லை. ஏரிக்கரையில் நீ அழுததைப் பார்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம்.