எண்பத்து மூன்று வயதுக் கருவிழி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இது என் பதினெட்டாவது கடிதம். பெயர், ஊர், தெரு எதுவும் இதில் இல்லை. "போன தடவை தெருப் பேரை எழுதிட்டீங்க, என் கறுப்பு மைக்கு வேலை வைக்கிறீங்க" என்று கண் வங்கி அலுவலர் கடிந்துகொண்டார்.

வேலை அதே பெயின்ட் தொழிற்சாலையில், நிறம் ஒப்பிடும் மேசையில். இரண்டு வாரம் முன்பு, காலை எட்டு மணிக்கு, நல்ல வெள்ளை ஒன்றை மங்கல் என்று எழுதித் திருப்பிவிட்டேன். முந்நூறு டப்பா. மதியம் பார்த்தால் பளிச்சென்று இருந்தது. "ஆயிரம் வெள்ளையைப் பிரிச்சுச் சொல்ற ஆளு, இன்னைக்குப் பாலும் சுண்ணாம்பும் ஒண்ணாயிடுச்சா?" என்று கலவை இயந்திரக்காரர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மங்கல் டப்பாவில் இல்லை.

என் வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான். பார்ப்பதெல்லாம் இடது. உங்கள் அப்பாவுடையது.

மருத்துவர் திரையில் காட்டினார். கருவிழியின் உட்பக்கம். தேனடை மாதிரி உயிரணுக்கள். ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைத்துக் கண்ணைத் தெளிவாக வைப்பவை. செத்தால் புதிதாகப் பிறப்பதில்லை. பக்கத்தில் இருப்பவை அகன்று அந்த இடத்தையும் பார்த்துக்கொள்கின்றன. எனக்கு ஒன்பது வயதில் பொருத்தியபோது ஒரு கடுகளவு இடத்தில் இரண்டாயிரத்துக்கு மேல். இப்போது நானூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றும் ஐந்து பேர் வேலையைச் செய்கிறது.

"தூங்கறப்ப தேங்கின தண்ணிய மதியத்துக்குள்ள இறைச்சிடுது. அதான் காலைல மட்டும் மங்கல். இருபத்திரண்டு வருஷம் உழைச்சதே பெரிசும்மா" என்றார்.

அப்பா இறந்தபோது அவருக்கு அறுபத்தொன்று. எனக்கு இப்போது முப்பத்தொன்று. என் முகத்தில் எண்பத்து மூன்று வயதில் ஒன்று இருக்கிறது. நேற்று அது ஓர் எறும்பின் நிழலைப் பார்த்தது.

உங்களிடமிருந்து வந்த ஒரே பதிலை மணிபர்சில் வைத்திருக்கிறேன். நான்கு வரி. அப்பா பஸ் ஓட்டினவர், கடைசிவரை கண்ணாடி போடவில்லை, தூரத்துப் பலகையை உங்களுக்கு முன்பே படித்துவிடுவார்.

வரும் வியாழக்கிழமை அப்பாவின் கருவிழியை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கிறார்கள். சம்மதித்துவிட்டேன். எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன். பரிசோதனைக்குப் போகும் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் சந்திக்கலாம் என்பது வங்கியின் விதி. என் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். உங்களுடையது இத்துடன் வருகிறது.

பேச வேண்டாம். எதிரில் வந்து நின்றால் போதும். மதியத்துக்கு மேல் வாருங்கள், அக்கா. அப்போது நன்றாகத் தெரிவீர்கள்.

வியாழன்வரை இந்தக் கண்ணோடு காத்திருக்கும்,
தங்கை