சுகந்தினியின் பெயரைக் கூப்பிட்ட சனிக்கிழமை

துடியலூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரெபேக்காவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கிளாஸ்கோ குளிரில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்னூர்ப் பக்கத்து ஈழ அகதிகள் முகாமில், இங்கே படித்தபோது நீ மாணவர் சங்கத் தலைவியாகத் தொடங்கிவைத்த ஞாயிற்றுக்கிழமை கிளினிக் நன்றாகவே நடக்கிறது. மாணவர்களுக்குப் பரீட்சை, டாக்டருக்கு முகூர்த்த சீசன், ஆகவே இப்போதைக்கு அங்கே வேலை பார்ப்பது நானும் நீ வாங்கிவைத்த பி.பி. மெஷினும்தான். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு சுகந்தினி வந்தாள், நீ தையல் மெஷின் வாங்கிக் கொடுத்த பெண். எட்டு மாதம், கால் வீக்கம், தலைவலி. மெஷின் நூற்று எழுபது, நூற்றுப் பத்து என்று காட்டியது. முப்பது வருடம் தாவரவியல் நடத்திய எனக்கே அது ஆபத்து என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். சனிக்கிழமை முகாமில் ஆள் சரிபார்ப்பு, வரிசையில் இல்லாதவர் பெயரை அடித்துவிடுவார்கள், அது முடியட்டும் என்றாள். "என்ர பேரை வெட்டினால் பிறக்கிற பிள்ளைக்கும் பதிவு இல்லை அன்ரி." முகாம் அதிகாரியிடம் போனேன். மரியாதையானவர், காபி சொன்னார். "ஏனுங்க டீச்சர், ஆளைப் பாக்காம நான் எப்படிங்க டிக் போடறது? ஆஸ்பத்திரில ஒரு சர்டிபிகேட் வாங்கியாந்துடுங்க." ஆஸ்பத்திரியிலோ அட்மிட் ஆனால்தான் சர்டிபிகேட் என்றார்கள். சர்டிபிகேட் கைக்கு வராமல் அவள் அட்மிட் ஆக மாட்டாள். யார் பேச்சிலும் தப்பில்லை. எந்தப் பெண்ணையும் வற்புறுத்தக் கூடாது என்று நீ கிளினிக் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாயே, அதையும் படித்துக்கொண்டு ஆறு நாள் சும்மா இருந்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்தப் பாவம் என்னுடையது.

சனிக்கிழமை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றாள். பெயரைக் கூப்பிட்டார்கள், கை தூக்கினாள், டிக் போட்டார்கள், அதிகாரியின் மேஜைமேலேயே வலிப்பு வந்து சாய்ந்தாள். அவரே தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள், ஒன்றரைக் கிலோ, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. சுகந்தினி மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. இன்று அதிகாரி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார், போகும்போது தயங்கித் தயங்கி, அடுத்த சரிபார்ப்பில் குழந்தையை நேரில் காட்டினால்தான் பெயர் ஏறும், தாயும் வரிசையில் நிற்க வேண்டும் என்றார். அவரை வாசல்வரை விட்டுவிட்டு வந்த அப்பா, பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

கண்ணு, அடுத்த வாரம் அகதிப் பெண்களின் ஆரோக்கியம் பற்றி அங்கே மேடையில் பேசப்போகிறாய். பேசு. அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களை ஆஸ்பத்திரிக்கே வந்து எண்ண வேண்டும் என்று உன் சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுது. என் மனுவுக்கு ரசீது தருகிறார்கள், உங்கள் சங்கத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். அடுத்த சரிபார்ப்பு வரும் ஒன்பதாம் தேதி. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சாக்ஸ் போடாமல் வெளியே போகாதே. மனுவை இன்றைக்கே எழுது. இன்னொன்று, ஆபரேஷனுக்கு உறவுக்காரர் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் புருஷன் கேரளாவில் பெயிண்ட் வேலையில் இருக்கிறான், போன் எடுக்கவில்லை. தாய் என்று எழுதி நான் போட்டுவிட்டேன். யாராவது விசாரித்தால் அவள் உன் அக்கா என்று சொல்.

இப்படிக்கு,
அம்மா
கிருபாவதி