எரிச்சல்

என்னவருக்கு,

நேற்று போனில் முழுக்க உங்கள் ஆய்வகத்து சைலஜா பேச்சுதான். மனச்சோர்வு மாத்திரையின் மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றினால், நரம்பில் சோடியம் நுழையும் வாசலை அடைத்து வலியை நிறுத்தலாமாம். அவள் யோசனையாம். கெட்டிக்காரிதான்.

நம் கரு கலைந்த வருஷம் அந்த மாத்திரையை விழுங்கியவள் நான். கிரிவலத்தில் அடி அண்ணாமலை தாண்டும்போது, "இத போட்டதுலேர்ந்து கால் எரிச்சலே இல்லீங்க" என்று நான்தான் சொன்னேன். நீங்கள் அங்கேயே நின்று, விபூதி மடித்த காகிதத்தில் குறித்துக்கொண்டீர்கள். அந்தக் காகிதத்தை அவளிடம் காட்டினீர்களா?

போனை வைக்கும்போது, "எரிச்சல் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "ஜாஸ்திதாங்க" என்றேன். "கொஞ்ச நேரம் காலைத் தண்ணியில வை" என்றீர்கள்.

கால் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
முதலில் சொன்னவள்