மஞ்சள் நோட்டு

மார்ச் 4, திங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புது ஏற்பாடு. திங்கட்கிழமைதோறும் பத்து நிமிடம், அவரவர் தவற்றை அவரவரே பயமில்லாமல் சொல்ல வேண்டுமாம். கண்காணிப்பாளனான நான் அதை மஞ்சள் நோட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் மேலாளர் படிப்பார். பயம் விட்டுப்போனால் இவர்கள் வேலை செய்வார்களா? அதை அவருக்கு யார் சொல்வது?

மார்ச் 11, திங்கள்

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சுருட்டைமுடிக்காரி மட்டும் வாயைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு பேருடைய ரத்தக் குப்பிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாளாம். முடிவு வெளியே போவதற்குள் அவளே கண்டுபிடித்துச் சரிசெய்தாளாம். "சொல்லிட்டா மனசு லேசாயிடுது சார்." கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 1, திங்கள்

சுருட்டையின் வருட மதிப்பீட்டில் 'கவனக்குறைவு' என்று போட்டேன். ஆதாரம், மஞ்சள் நோட்டு. குப்பி கழுவும் அறைக்கு மாற்றம். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க?"

"சொல்லத்தான் சொன்னேன். செய்யச் சொன்னேனா?"

யாரும் சிரிக்கவில்லை. வண்டியில் வரும்போது நானே சிரித்துக்கொண்டேன்.

மே 27, திங்கள்

எட்டாவது வாரமாக "ஒண்ணும் இல்ல சார்." மேலாளர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஜூன் 5, புதன்

மனைவிக்கு ஓயாத அசதி. கூடத்துக்கு வரச்சொல்லி நானே ரத்தம் எடுத்தேன், நானே சீட்டு ஒட்டினேன். நடுவில் ஃபோன் வேறு. சர்க்கரை இல்லை. "எல்லாம் உன் சோம்பேறித்தனம்" என்றேன்.

ஜூலை 3, புதன்

அவள் காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் கறுத்துவிட்டது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை நானூற்றுப் பத்து. எப்படி? ஐயோ, எப்படி?

ஜூலை 4, வியாழன்

ஒரு தையல்காரப் பெண் வாசலில் வந்து நின்றாள். "சர்க்கரை மாத்திரை போட்டதுல இருந்து கை நடுங்குது. நேத்து மயங்கி விழுந்துட்டேன்." டாக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். பிறகுதான் பதிவேட்டைப் பார்த்தேன். ஜூன் 5. என் மனைவிக்கு அடுத்த பெயர் அவளுடையது.

இல்லாத சர்க்கரைக்கு ஒரு மாதமாக மாத்திரை விழுங்குகிறாள்.

பக்கத்து மேசைக்காரனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நீங்க சீட்டை மாத்தி ஒட்டினதைப் பாத்தேன் சார்."

"பாத்துட்டு வாயைத் தொறக்க வேண்டியதுதானேடா?"

"சுருட்டை தொறந்தாளே சார்."

ஜூலை 8, திங்கள்

மனைவிக்கு ஊசி தொடங்கியாயிற்று. கால் பிழைக்கும் என்கிறார்கள்.

பத்து நிமிடம். "ஒண்ணும் இல்ல சார்." எல்லார் வாயிலும் அதேதான். கழுவிய குப்பிகளை வைக்க வந்த சுருட்டை போகாமல் நின்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"நீங்க சொல்லுங்க சார். கைதட்டுறோம்."

பேனாவைத் திறந்தேன். தையல்காரியின் பெயரை எழுதி அவளுக்குச் சொல்லியனுப்பினால் போதும், இன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுவாள். ஆனால் மாதக் கடைசியில் மேலாளர் இதைப் படிப்பார். என்னை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.