மேடைக்குப் பின்னால் நீ கேட்ட மாப்பு

என் அருமை தேவதாஸ் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நீ போட்ட குடிகாரத் தகப்பன் வேடம் இப்போது எனக்கு வந்திருக்கிறது. போன ஞாயிறு சாயங்காலம் குழித்துறையில் நம் குழு நாடகத்தைப் போட்டோம்.

பகலெல்லாம் வயரும் சுவிட்சுமாகத் திரிந்த எலக்ட்ரீஷியன் நீ. ஒரு சொட்டு குடித்தவனில்லை. ஆனால் அந்த வேடத்தில் தள்ளாடி வந்தால் முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். "இதுல உனக்கு என்ன கிடைக்கு?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். சிரித்துவிட்டுப் போவாய்.

இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில்தான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. நாடகம் முடிந்ததும் மீன் விற்கிற அம்மா ஒருத்தி மேடைக்குப் பின்னால் வந்து உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்க வீட்டுக்காரரு குடிச்சுக் குடிச்சே செத்துப் போனாரு. அடிச்சதுக்கு ஒரு நாளும் மாப்பு கேக்கல. இன்னைக்கு நீங்க நாடகத்துல பொண்டாட்டிக்கிட்ட கேட்டிய. எங்கிட்ட கேட்டது போல இருந்துச்சு."

பாதி கலைத்த அரிதாரத்தோடு நீ எழுந்தாய். விளக்கு இல்லை, கூட்டம் இல்லை. கை கூப்பி, "மாப்பு தா, பிள்ளே" என்றாய். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் கேட்டேன்: "அது நடிப்பா மச்சான்?"

"தெரியல மக்கா. அந்த ஆளு கேக்காம போனத கேக்கதுக்கு எனக்க வாயி உதவிச்சு. வேற என்ன வேணும்?"

அன்றைக்கு எனக்கு உன் மேல் பொறாமையாக இருந்தது. இப்போது சொல்வதில் என்ன வெட்கம்?

ஒத்திகையில் நான் உன் இருமல், உன் நடை எல்லாவற்றையும் அப்படியே செய்து பார்த்தேன். ஒட்டவில்லை. மனைவியாக நடிக்கும் ஸ்டெல்லா, "அவரப் போல செய்யாண்டாம் அண்ணே. எனக்க முகத்தப் பாத்துப் பேசுங்க" என்றாள். குழித்துறையில் அதைத்தான் செய்தேன். அவள் கண் நிறைந்தது. என் வசனம் தானாக வந்தது. கூட்டம் மூச்சடக்கி இருந்தது எனக்கு உடம்பில் தெரிந்தது. இத்தனை வருட மேடையில் முதல் தடவையாக, கையை எங்கே வைப்பது என்ற யோசனையே எனக்கு வரவில்லை. இதற்காகத்தானா நீ நாடகம் நாடகம் என்று ஓடினாய்?

நம் ரோஸ்லினும் வந்திருந்தாள். உன் மனைவியாக இருந்த இத்தனை வருடத்தில் ஒரு நாடகத்துக்கும் வராதவள், முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அடுத்த நாடகத்துல எனக்கு ஒரு வேசம் தருவியளா?"

"ஏட்டி, உனக்கா?"

"வேலை முடிஞ்சு சோர்ந்து வாறவரு, நாடகம் முடிஞ்சு வந்தா பாட்டு பாடிட்டுத்தான் வருவாரு. அது என்னதுன்னு எனக்கும் அறியணும்."

போலீஸ்காரி வேடம் கொடுத்திருக்கிறோம். வீட்டில் உன்னை அதட்டிய அதே குரல்தான். முதல் ஒத்திகையிலேயே எல்லோரும் நடுங்கிவிட்டோம். அவளும் சிரித்தாள், மச்சான். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவளுடைய முதல் மேடை கன்னியாகுமரியில். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கத் திரையோரத்தில் நான் நிற்பேன். மறக்காவிட்டாலும் நிற்பேன்.

உன் ரோஸ்லினுக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சினன்,
ஜோசப்