பதினாறு பிட்டில் கடைசி இடம்

சிப் உலகச் சக்கரவர்த்தியே, என் அருமை மருமகன் சுடலைமுத்துவே,

தாராவியிலிருந்து உன் தாய்மாமன் எழுதுகிறேன். மூன்று வயது மூத்தவன் என்ற ஒரே தகுதியில் உன்னை ஆயுள் முழுக்க அதட்டியவன். நீ போய் நான்கு மாதமாகிறது. செம்பூர் ஆபீசில் உன் நாற்காலியில் என் பையை வைத்து, ஒரு ராஜ்ஜியத்தைப் போல் காவல் காக்கிறேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாடைக்குத் திட்ட ஆளில்லை. நான் ஜோக் சொன்னால் ஆபீஸ் சின்னப் பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள். அதற்குச் சும்மா இருந்துவிடலாம்.

நம் சிப்பின் கட்டளைப் பட்டியலை வரும் செவ்வாய்க்கிழமை பூட்டுகிறார்கள். உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களும் கேட்கட்டும். அதில் கட்டளைகளுக்கு இரண்டு நீளம்: பதினாறு பிட், முப்பத்திரண்டு பிட். புரோகிராமில் அதிக இடங்களில் எழுதப்படும் கட்டளைக்குக் குட்டை வடிவம் கொடுத்தால், மொத்தமும் சின்ன மெமரியில் அடங்கிவிடும். ஆனால் குட்டை வடிவங்கள் கொஞ்சம்தான். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதற்காக நாம் நடத்திய போரில் மும்பையே இரண்டாகப் பிளந்தது.

புரோகிராமின் ஒவ்வொரு துண்டும், அதாவது ஃபங்ஷனும், தொடங்கும்போது சிப்பின் கையிருப்பு எண்களை, அந்த ரெஜிஸ்டர்களை, பத்திரப்படுத்தும் கட்டளைக்கு நீ கேட்டாய். பெருக்கிக் கூட்டும் என் கட்டளைக்கு நான் கேட்டேன். எந்தக் கட்டளை எத்தனை தடவை வருகிறது என்று நான் எடுத்த எண்ணிக்கைத் தாளை உன் முன்னால் வீசினேன்.

"மாமா, இது ஓடுன எண்ணிக்கை மாதிரில்லா இருக்கு? எழுதுன எண்ணிக்கைல்லா வேணும்?"

"லேய், நான் எண்ணுனா சித்திரகுப்தன் எண்ணுனாப்ல."

"சரி, வச்சுக்கிடும். தாய்மாமன் சீரைத் திருப்பிப் போட்டாச்சுன்னு நெனச்சுக்கிடுதேன்."

அன்று சாயங்காலமே மறுபடி பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. என் கட்டளை லூப்புக்குள் கோடி தடவை சுற்றுகிறது. எழுதியிருப்பது ஏழெட்டு இடத்தில். எத்தனை முறை ஓடினாலும் மெமரியில் அது பிடிக்கும் இடம் கூடுமா? உன் கட்டளையோ பக்கத்துக்குப் பக்கம் கிடந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். ஜெயித்த ருசி, ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் சயான் பஸ் ஸ்டாப்பில், ஒரு காலை நேரத்தில், உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இந்தத் தப்பு வேறு யாருக்கும் தெரியாது. சிப் வெளியே போய்விட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. மாற்றினால் அதற்கென எழுதிய புரோகிராம் ஒன்றுகூட ஓடாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கட்டளை அங்கேயே நிலைத்துவிடும்.

உனக்கு அப்போதே தெரியுமா, முத்து? தெரிந்துதான் விட்டுக்கொடுத்தாயா? இன்னும் ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனே.

திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து நிற்பேன். கவனப்பிசகு என்று சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகும் மறைத்தேன் என்றே சொல்வேன். அந்த இடம் உன் கட்டளைக்கு. இது என் வாக்கு. அதன் பிறகு வழக்கம்போல் பஸ் ஏறுவேன். தாராவி வரும்வரை என்னைக் கேலி செய்ய யாரும் இருக்க மாட்டார்கள்.

உன்னிடம் தோற்றுப்போன,
உன் தாய்மாமன்